எல்லார் கையிலும் வரட்டீ

தேயிலைக்கு நடுவில் பிறந்து, தேயிலைக்கு நடுவிலேயே வாக்கப்பட்டவள் நான். எங்களுக்கு டீ என்றால் டஸ்ட் தூளைப் போட்டுக் கொதிக்கவிட்டு, பாலை ஊற்றி மறுபடியும் பொங்கவைத்து, ஆற்றிக் கொடுப்பதுதான். பாலில்லாத டீக்கு எங்கள் பக்கம் வரட்டீ என்று பேர். ஒரு வீட்டு வாசலில் கூட்டம் கூடி, எல்லார் கையிலும் வரட்டீ இருந்தால் அங்கே எழவு விழுந்திருக்கிறது என்று அர்த்தம். சாவு வீட்டில் பால் காய்ச்சுவதில்லை. அக்கம்பக்கத்தார் கேனில் வரட்டீ கொண்டுவந்து வைப்பார்கள். அழுது தொண்டை வறண்டவர்கள் வாங்கிக் குடிப்பார்கள்.

இதை என் மருமகளுக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! அவள் கோயம்புத்தூர்க்காரி. குன்னூருக்கு வந்த பிறகு வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டரில் வேலை பார்த்தாள். பாலும் ஆகாது, சர்க்கரையும் ஆகாது அவளுக்கு. முழு இலைத் தேயிலையை ஒரு தகர டப்பாவில் கண்ணைப்போல வைத்திருப்பாள். வெந்நீரில் அதைப் போட்டு, மூடிவைத்து, வடிகட்டிக் கண்ணாடி டம்ளரில் எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். "பால் ஊத்துனா இலையோட வாசமே போயிருதுங்க அத்தை" என்பாள். பஜாரில் பார்த்தாலும் அவள் வயசுப் பிள்ளைகள் எல்லாம் அப்படித்தான். ஒருத்தன் எலுமிச்சை பிழியச் சொல்வான், ஒருத்தி சர்க்கரையே வேண்டாம் என்பாள். கருமம், என்னத்தையோ குடிச்சுத் தொலையட்டும் என்று விட்டிருப்பேன். ஆனால் என் வீட்டுக்காரரும் அவளோடு சேர்ந்துகொண்டார்.

அருவங்காட்டு வெடிமருந்து ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். காலமெல்லாம் என் கையால் பால் டீ குடித்த மனுஷன், சாயந்திரமானால் மருமகளோடு ஜன்னலோரம் உட்கார்ந்து வரட்டீயை உறிஞ்ச ஆரம்பித்தார். "நல்லாத்தான் புள்ள இருக்குது. நீயும் ஒரு வாய் குடிச்சுப் பாரு" என்று எனக்கே சிபாரிசு வேறு. எனக்கு வயிறு எரிந்தது. "நல்லா இருக்கற ஊட்டுல எழவு ஊட்டுத் தண்ணியக் குடிக்காதீங்க" என்று கத்தினேன். ரெண்டு பேரும் சிரித்தார்கள்.

அந்த ஐப்பசியில் ஒருநாள் விடிகாலையில் அவருக்கு நெஞ்சு வலி வந்தது. வேர்த்துக் கொட்டியது. என் மகன் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு அவரைக் கோயம்புத்தூருக்குக் கொண்டுபோனான். நானும் வருகிறேன் என்று குதித்தேன். இடமில்லை, பின்னாடி வேறு வண்டியில் வாருங்கள் என்றான். மழையோ விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. நாங்கள் வண்டி பிடிப்பதற்குள் பர்லியாறு பக்கம் மண் சரிந்து ரோடு அடைத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டோம், ஆபரேஷன் தியேட்டருக்குள் கொண்டுபோகிறார்கள் என்று மகன் ஒரே ஒரு தடவை பேசினான். அதற்கப்புறம் அவன் பேசவே இல்லை. நாங்கள் கூப்பிட்டால் போன் அணைந்து கிடந்தது.

மத்தியானம் போனது. அக்கம்பக்கத்துச் சனமெல்லாம் வந்து கூடிவிட்டது. ஆம்பளைகள் வாசலில் தகரக் கொட்டகைக்குக் கீழே நின்றார்கள், பொம்பளைகள் உள்ளே என்னைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். எவர் போன் அடித்தாலும் எட்டிப் பார்த்தேன். அடுப்படியில் என்ன நடக்கிறது என்று நான் பார்க்கவில்லை. மருமகள் தட்டில் டம்ளர்களை அடுக்கி எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனதும் கண்ணில் பட்டது, புத்தியில் ஏறவில்லை. என் கையிலும் ஒரு டம்ளர் வந்தது. குளிருக்கு விரல்களை அதைச் சுற்றி வைத்துக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் என் நாத்தனார் வந்து சேர்ந்தாள். அவருக்கு ஒரே தங்கச்சி. தேவாலாவில் இருப்பவள். அண்ணனுக்கு நெஞ்சு வலி என்ற சேதி கேட்டதும் கூடலூர் வந்து, ஊட்டி வந்து, பஸ் மாறி மாறி வந்திருக்கிறாள். படியேறி வந்தவள் வாசலில் நின்று ஒரு பார்வை பார்த்தாள். கையிலிருந்த பையைத் தூக்கி எறிந்தாள்.

"என்ற அண்ணா! என்னைய இப்புடி அனாதையா உட்டுப்போட்டுப் போயிட்டயே!"

மாரில் அடித்துக்கொண்டு அவள் உள்ளே ஓடி வந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். எனக்கு உலகமே இருண்டுபோனது. மகன் என்னிடம் சொல்லத் தைரியமில்லாமல் தன் அத்தைக்குச் சொல்லிவிட்டான், போய்விட்டார், அவ்வளவுதான் என்று நினைத்தேன். கையிலிருந்த டம்ளர் கீழே விழுந்து உருண்டது. சுற்றி இருந்த பொம்பளைகள் எல்லாரும் ஒரே குரலில் ஓலமிட்டார்கள். வாசலில் ஆம்பளைகள் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார்கள். நான் என்ன சொல்லி அழுதேன் என்று எனக்கே தெரியாது.

அழாதவள் மருமகள் ஒருத்திதான். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து நாத்தனாரின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"பெரியம்மா! உங்களுக்கு யாருங்க சொன்னாங்க? போன் பண்ணுனது யாருங்க?"

"யாரு சொல்லோணும்? அதான் எல்லாத்து கையிலயும் வரட்டீ இருக்குதே!"

அழுகை அப்படியே நின்றது. ஒவ்வொருத்தரும் தங்கள் கையைப் பார்த்துக்கொண்டார்கள். பிறகு எல்லாரும் வாசலுக்குப் போய் டீயைச் செடியில் ஊற்றிவிட்டு வந்தார்கள்.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அன்றைக்கு இன்னும் நீண்டது. "பாவி, உசுருக்குப் போராடற மனுசனுக்கு நீயே எழவு கொட்டிட்டயேடி! தினமும் இந்தத் தண்ணியக் குடுத்துக் குடுத்துத்தான் இன்னிக்கு அவரு அங்க கெடக்கறாரு!" என்று அத்தனை பேர் முன்னாலும் கத்தினேன். அவள் முகம் வெளுத்துப்போனது. கீழே உருண்டு கிடந்த டம்ளரை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குள் போனாள்.

விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் போன் வந்தது. தெரியாத நம்பர். யாரும் எடுக்கவில்லை. கடைசியில் மருமகள்தான் எடுத்துக் காதில் வைத்தாள். கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"மாமா கண்ணு முழிச்சுட்டாருங்க அத்தை" என்றாள். மகனின் போன் மழையில் நனைந்து செத்துவிட்டதாம். பக்கத்துப் படுக்கைக்காரரின் போனில் பேசினானாம். அப்போதுதான் அவள் அழுதாள்.

அவர் வீடு திரும்பிய அன்று சாயந்திரம் வழக்கம்போல ஜன்னலோரம் போய் உட்கார்ந்தார். மருமகள் அவருக்கும் தனக்கும் டீ கொண்டுவந்தாள். ரெண்டும் பால் டீ. அவர் டம்ளரையும் அவளையும் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். அவள் மூக்கைச் சுளிக்காமல் மருந்து மாதிரி அதை விழுங்கினாள். மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும் அப்படியே.

எனக்குத் தாங்கவில்லை. அவள் தகர டப்பாவை எடுத்துத் திறந்தேன். காலியாக இருந்தது. மழையிலும் வந்து கூடிய அத்தனை பேருக்கும் அவள் அன்றைக்குத் தன்னுடைய நல்ல இலையை எல்லாம் கொட்டி டீ போட்டிருக்கிறாள். அன்றைக்கு அலமாரியில் என் டஸ்ட் தூள் நிறைய இருந்தது, வீட்டில் பாலும் இருந்தது. இருக்கிறதிலேயே நல்லதைத்தான் கொடுத்திருக்கிறாள். அதைத்தான் நாங்கள் செடிக்கு ஊற்றினோம்.

அன்றைக்கே பஜாருக்கு இறங்கிப் போனேன். நான் தூள் வாங்கும் பாய் கடையில் முழு இலை கேட்டேன். "ஏனுங்கக்கா, நீங்களும் மாறிட்டீங்களா?" என்றார். "பேசாம கட்டிக் குடுங்க" என்றேன்.

சாயந்திரம் மருமகள் பால் டீயோடு வருவதற்குள் நானே வெந்நீர் வைத்து, இலையைப் போட்டு, மூடிவைத்து, வடிகட்டினேன். அவருக்கு ஒரு டம்ளர் கொடுத்தேன். அவள் கையிலிருந்த பால் டீயைப் பிடுங்கிக்கொண்டு இன்னொரு டம்ளரை அவளிடம் நீட்டினேன். "எனக்குப் பாலில்லாம தொண்டைல எறங்காது. உன்றத நீ குடி" என்றேன். அவள் ரெண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

அவர் ஊதி ஊதிக் குடித்தார். ஒவ்வொரு வாய்க்கும் அவர் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"என்னத்தைப் புள்ள அப்படிப் பாக்கறே?" என்றார்.

"ஒண்ணுமில்லீங்க. மெதுவாக் குடிங்க" என்றேன்.