இரண்டு ரவுட்டர்களும் ஒரு 'ஹலோ'வும்

போன சனிக்கிழமை ஒரு பெண்ணின் வேலைக்கு உலை வைக்கப் பார்த்தேன். அதுவும் ரொம்ப மரியாதையாக!

மட்டாஞ்சேரியில், சுக்கு மண்டிக்கு மேல்மாடியில் கம்ப்யூட்டர் நெட்வொர்க்கிங் வகுப்புக்குப் போகிறேன். இந்த வயதில் எதற்கு என்கிறீர்களா? சும்மா, பொழுதுபோக்குக்கு.

என் ஜோடியாக உட்காரும் ரேவதிக்கு அப்படியில்லை. திருப்பூணித்துறைக்காரி. குழந்தை பிறந்ததும் வேலையை விட்டவள். சர்ட்டிஃபிகேட் வாங்கினால் எடுத்துக்கொள்கிறோம் என்று களமசேரியில் ஒரு கம்பெனி சொல்லியிருக்கிறது. அன்றைய பயிற்சித் தேர்வில் தேறினால்தான் வகுப்பெடுக்கும் ஜோஸ் சார் அவளைப் பரீட்சைக்கே அனுப்புவார்.

தேர்வு என்ன? அவளிடம் ஒரு ரவுட்டர், என்னிடம் ஒன்று. இரண்டும் பேசிக்கொள்ளவில்லை. பேசவைக்க வேண்டும். கேபிளைப் பார்த்தோம், சரி. முகவரியைப் பார்த்தோம், அதுவும் சரி.

அப்புறம்தான் பிடிபட்டது. பக்கத்துப் பக்கத்து ரவுட்டர்கள் ஓயாமல் 'ஹலோ' சொல்லிக்கொள்ள வேண்டும். என்னுடையது பத்து விநாடிக்கு ஒருமுறை சொல்கிறது. அவளுடையது முப்பதுக்கு ஒருமுறை. இடைவெளி ஒத்துப்போகாவிட்டால் உறவே கிடையாதாம். என்ன ரோஷம் பாருங்கள்!

சின்னப் பெண், அவள் வைத்ததே இருக்கட்டும் என்று என்னுடையதை முப்பதாக்கினேன். பெரியவர் வைத்ததே இருக்கட்டும் என்று அவள் பத்தாக்கியிருக்கிறாள். ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை.

"அண்ணா, நீங்க மாத்தினேளா?"

"ஆமாம்மா, உனக்காகத்தான்."

"ஐயோ, நானும் மாத்திட்டேனே!"

சிரித்தோம். சிரித்த கையோடு நான் பத்துக்குத் திரும்பினேன். அவள் முப்பதுக்கு!

ஜோஸ் சார் கடிகாரத்தைப் பார்த்தார். ரேவதியின் முகம் வெளுத்துவிட்டது. என்னால் இவள் வேலை போய்விடுமோ?

விட்டுக்கொடு, விட்டுக்கொடு என்று ஊரெல்லாம் உபதேசம். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் விட்டுக்கொடுத்தால் என்ன ஆகும் என்று எவராவது சொன்னார்களா? அதிலும் இழப்பதற்கு ஒன்றுமில்லாதவன் காட்டும் பெருந்தன்மை இருக்கிறதே... பக்கத்தில் இருப்பவர் பாடுதான் திண்டாட்டம்.

"அண்ணா, கோவிச்சுக்காதீங்கோ. கீபோர்டுலேர்ந்து கையை எடுங்கோ!"

எடுத்தேன். கையைக் கட்டிக்கொண்டேன். அவள் பத்தாக்கினாள். சற்று நேரத்தில் இரண்டு ரவுட்டரும் பேச ஆரம்பித்துவிட்டன.

பாதித் தமிழும் பாதி மலையாளமுமாகப் பேசும் ஜோஸ் சார் திரையைப் பார்த்தார். "கொள்ளாம், நல்லாயிருக்கு! ரேவதி பாஸ்" என்றவர் என் பக்கம் திரும்பினார். "சேட்டன் எந்தா செஞ்சது?"

ரேவதி முந்திக்கொண்டாள்.

"ஒண்ணும் பண்ணலை சார். அதுதான் பெரிய உபகாரம்!"