புல்தரையில் படுத்த ஆடு

கத்திரி வெயில் முடிய இன்னும் நாள் இருக்கிறது. மன்னார்குடி சாலையில் மனை வாங்கி வீடு கட்டிய எங்கள் எல்லோருக்கும் இப்போது ஒரே கவலை, வாசல் புல்தரை கருகிவிடக் கூடாது.

இன்று காலை தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். திறந்திருந்த கேட் வழியாக ஒரு கிழட்டுச் செம்மறி ஆடு நேராக உள்ளே வந்து ஈரப் புல்லில் படுத்துக்கொண்டது. பின்னாலேயே மந்தை மொத்தமும்.

கத்தினேன். ஹோஸைத் திருப்பி அதன் முகத்திலேயே அடித்தேன். அது எழுந்திருக்கவே இல்லை.

மந்தைக்காரர் ஓடி வந்தார். ராமநாதபுரம் பக்கத்துக்காரர்.

"கோவிச்சுக்காதீங்கம்மா. இது வயலா இருந்தப்ப கோடைக்குக் கோடை இங்கதான் கிடை போடுவோம். ராத்திரி ஆடெல்லாம் இங்கயே படுக்கும், வயலுக்கு அதான் எரு. வீடு வந்தது அதுக்குத் தெரியலை."

"வயல்காரர் வித்துட்டுப் போயிட்டாருங்க."

"நல்லா இருக்காராம்மா?"

எனக்குத் தெரியவில்லை. பத்திரத்தில் கையெழுத்துப் போடும்போது அவர் அழுதது மட்டும்தான் தெரியும்.

மந்தைக்காரர் அந்த ஆட்டைத் தோளில் தூக்கிக்கொண்டார். இனி எங்கே போவீர்கள் என்று கேட்டேன்.

"இதுதாம்மா முன்னாடி நடந்து எங்களுக்கு வழி காட்டும். இதுக்கே வழி தப்பிப்போச்சே."

மதியம் கூரியர் வந்தது. புல்தரைக்காகப் போன வாரம் ஆன்லைனில் நான் ஆர்டர் போட்டிருந்த ஆட்டு எரு, ஒரு பாக்கெட்.

பிரிக்க மனம் வரவில்லை. யாருக்காவது வேண்டுமென்றால் சொல்லுங்கள்.