ஒரே அளவாக விளம்பிய ஆறு

என் பெரியப்பா மகள் ஷிஜா அக்கா யாரையும் விட்டுவிட்டுப் போகமாட்டாள். பாறசாலையில் ரயில் ஏறினால்கூட, பின்னால் ஓடிவரும் யாருக்காவது கை நீட்டிக்கொண்டு கதவருகே நிற்பாள். ஊர் ஊராகச் சுற்றிவிட்டு வந்த எனக்கு இது பெரிய தொல்லை.

நெய்யாற்றின்கரைப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் கம்ப்யூட்டர் லேப் பார்ப்பது அவள் வேலை. அங்கேயே பகுதிநேரமாக எம்.டெக். படிக்கிறாள். ஆறு கடலில் சேரும் பொழிமுகத்தில் மணலை வெட்டிவிட்டால் வெள்ளம் எப்படிப் பாயும் என்று கணக்கிடுவது அவளுடைய ப்ராஜெக்ட். ஒரு கம்ப்யூட்டரில் போட்டால் மாதக்கணக்கில் ஓடும். அதனால் ஓண விடுமுறையில் லேபிலிருந்த கம்ப்யூட்டர்கள் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துக் கட்டினாள். ஆற்றைச் சம துண்டுகளாக வெட்டி, கம்ப்யூட்டருக்கு ஒரு துண்டு. பக்கத்துத் துண்டிலிருந்து எவ்வளவு தண்ணீர் வந்தது என்று கேட்டுவிட்டுத்தான் எந்தக் கம்ப்யூட்டரும் அடுத்த அடி வைக்கும்.

திங்கட்கிழமை பிள்ளைகள் வந்துவிடுவார்கள். அன்று முடிவு கையில் இல்லாவிட்டால் அவளுக்கு ஒரு வருடம் போய்விடும். வெள்ளிக்கிழமை பார்த்தால் பாதிதான் ஆகியிருந்தது. ஜன்னலோரத்துப் பழைய கம்ப்யூட்டர் இழுத்து இழுத்து ஓடியது. மற்றவை தங்கள் பங்கை முடித்துவிட்டு அதற்காகச் சும்மா நின்றன.

"அதக் கழற்றி எறி அக்கா."

"அதுக்க பங்க யாரு சுமப்பா? நீயா?"

மறுநாள் சித்தப்பா மகன் லிஜோவுக்குக் கல்யாணம், பெண்வீட்டில் சாப்பாடு. பந்தியில் கடைசி ஆள் முடிக்காமல் யாரும் எழக்கூடாது. பல்லில்லாத பயஸ் மாமா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். அடுத்த பந்திக்காரர்கள் நாற்காலிக்குப் பின்னால் முறைத்துக்கொண்டு நின்றார்கள். நான் எழப் போனேன். அக்கா என் சேலையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள்.

விளம்பிக்கொண்டிருந்த பிஜு மறுபடியும் சோற்றோடு வந்தான்.

"எலே பிஜு, மாமாவுக்கு அரைக் கரண்டி போரும்," என்றாள் அக்கா.

"ஏன் மக்கா, பெண்வீட்டுல அரிசிக்குப் பஞ்சமா?" என்றார் மாமா.

"இல்ல மாமா. பொறத்த நிக்கவிய ஒங்கள நாற்காலியோட தூக்கிருவாவ."

எல்லாரும் சிரித்தார்கள். அக்கா மட்டும் பாதிச் சிரிப்பில் நிறுத்திவிட்டாள்.

"எனக்க புத்தி எங்க போச்சு! நான் எல்லாத்துக்கும் ஒரே அளவாக்கும் வெளம்பியிருக்கேன்."

அப்போதும் மாமா முடிக்கும்வரை இருந்தாள். பிறகு பட்டுச்சேலையோடேயே லேபுக்கு ஓடினோம். ஓட்டத்தை நிறுத்தி, கடைசியாகச் சேமித்திருந்த இடத்திலிருந்து ஆற்றைப் புதிதாகப் பங்குபோட்டாள். பழையதற்கு ஒரு சின்னத் துண்டு, அவ்வளவுதான்.

திங்கள் காலை பிள்ளைகள் வந்துவிட்டார்கள். இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அக்கா வாசலில் குறுக்கே நின்றாள்.

"நில்லுங்க மக்கா, பந்தி முடியல்ல."

"சாப்பாடு எங்க டீச்சரே?" என்று ஒருவன் எட்டிப் பார்த்தான்.

ஜன்னலோரத்தில் பழைய கம்ப்யூட்டரின் முன் நான் உட்கார்ந்திருந்தேன். அதன் சின்னத் துண்டு முடிந்து, திரையில் வெள்ளம் கடலுக்குள் முழுதாக விரிந்த பிறகு கை காட்டினேன். அக்கா கதவை விட்டு விலகினாள்.