புத்தகத்துத் தாத்தா

சபைப் போதகரான என் மகள், ஞாயிறு பிரசங்கத்துக்காகப் பழைய வேதாகம விளக்கவுரையைத் திறந்தாள். அந்துருண்டை வாசம் ஆர்.எஸ்.புரம் வீட்டிலிருந்து என்னை வெள்ளகோவிலுக்குக் கொண்டுபோனது.

அங்கே அப்பா போதகர். இந்தப் புத்தகம் அவருக்கும் சென்னிமலைப் போதகருக்கும் பொது. புதன்வரை எங்களிடம் இருக்கும். வியாழன் காலை பஸ் கண்டக்டரோடு சென்னிமலை போகும். அதில் ஒருவர் ஆப்பிள் மரத்தின் கிளைகளை வெட்ட, மறு ஆண்டு அது காய்த்துக் குலுங்கும் கதை உண்டு. அப்பா மரத்தை முருங்கையாக்கி, வெட்டியவரைத் தன் தாத்தாவாக்கிப் பிரசங்கித்தார்.

தை இரண்டாம் ஞாயிறு இருவரும் சபை மாறிப் பேசுவார்கள். முந்தின வாரத்துப் பிரசங்கத்தையே எடுத்துப்போவது வழக்கம். அந்த ஆண்டு எங்கள் சபைக்கு வந்த சென்னிமலைப் போதகர், "எங்க தாத்தா தோட்டத்துல ஒரு கொய்யா மரமுங்க" என்று தொடங்கினார். அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

ஆராதனை முடிந்ததும் மரியம்மா அத்தை விடவில்லை. "ஏனுங்க பாஸ்டர், போன வாரம் எங்க பாஸ்டரோட தாத்தன் முருங்கைய வெட்டுனாரு. இன்னைக்கு உங்க தாத்தன் கொய்யாவ வெட்டிப்போட்டாரு. ரெண்டு பேரும் பங்காளிங்களா?"

மாலையில் அப்பா சென்னிமலையிலிருந்து தொங்கிய முகத்துடன் வந்து, அம்மா சொன்னதைக் கேட்டார். "அங்கயும் கேட்டுப்போட்டாங்க. இனி நான் நெசத்தைச் சொன்னாலும் நம்புவாங்களா?"

"நீங்களே சொல்லிப்போடுங்க" என்றார் அம்மா.

அடுத்த ஞாயிறு அப்பா புத்தகத்தைத் தூக்கிக் காட்டினார். "அந்தத் தாத்தன் இதுக்குள்ள இருக்காருங்க. எங்க தாத்தன் ஒரு செடிகூட வெச்சதில்லைங்க." சபையே சிரித்தது. அதன்பின் அவர் எந்தக் கதையைத் தொடங்கினாலும், "புஸ்தகத்துத் தாத்தனுங்களா?" என்று அத்தை முன்வரிசையிலிருந்து கேட்பார்.

"அதுல ஆப்பிள் மரம் வரும் கண்ணு, பாத்துக்க" என்றேன் மகளிடம்.

"அது வேண்டாம்மா. இந்த வாரம் எங்க தாத்தா கதைதான்."

"எந்தத் தாத்தா?"

"புஸ்தகத்தைத் தூக்கிக் காட்டுனாரே, அவரு."