கோயிங் நாச்சிமுத்து

மேட்டூரில் அணை எழும்பிக்கொண்டிருந்த காலத்தில், துரைமார்களுக்கும் ஊர் ஜனங்களுக்கும் நடுவில் நின்று பேச்சை மாற்றிக் கொடுத்தவர்களில் நாச்சிமுத்துவும் ஒருவர். கூலியாட்கள் அவருக்கு வைத்த பெயர் கோயிங் நாச்சிமுத்து. துரை எதைச் சொன்னாலும் அதில் ஒரு கோயிங் இருக்கும், அதை விளக்க இவர் ஓடிவருவார் என்பது அவர்கள் கேலி.

பெற்றோரை இழந்த தம்பியைத் தான் வாழ்க்கைப்பட்ட வீட்டிலேயே வைத்து வளர்த்தவள் அக்காள் காளியாத்தாள். அணைக்கு வடக்கே காவேரிக் கரையில் இருந்தது அந்த வீடு. சேலத்துக்குப் படிக்கப்போன நாச்சிமுத்து விடுமுறையில் வந்தால், அவள் ராகி திரிக்கும் இடத்தில் உட்கார்ந்து இங்கிலீஷ் பெருமை பேசுவார். வெள்ளைக்காரனுக்கு ஊருக்குக் கிளம்புவதும் கோயிங்தான், மழை வரப்போவதும் கோயிங்தான், கடிகாரம் ஓடுவதும் பால் கெடுவதும்கூடக் கோயிங்தான் என்பார்.

"மழ வாரதுக்கு எதுக்கு சாமி போவோணும்? கடியாரம் செவுத்துலயேதான தொங்குது, அது எங்க போவுதாமா?" என்று கேட்டுக் காளியாத்தாள் திருகையை நிறுத்திவிட்டுச் சிரிப்பாள்.

அந்தச் சிரிப்பு நெடுநாள் நிலைக்கவில்லை. ஒருநாள் காலையில் ஏதோ சின்ன மனத்தாங்கல். அவள் கணவர் செங்கோட்டையன் சோற்றைத் தொடாமல் எழுந்து, "நான் போறேன்" என்று சொல்லிவிட்டு வாசல் நிலையைத் தாண்டினார். 'வாரேன்' என்று சொல்லித்தான் வீட்டைவிட்டு இறங்குவது எங்கள் பக்கத்து வழக்கம். அன்று அவர் அதைச் சொல்லவில்லை. ஆற்றில் அவர் ஏறிய பரிசல் கவிழ்ந்தது; ஆள் திரும்பவில்லை. அதன்பிறகு அந்த வீட்டில் யார் வாயிலிருந்தும் 'போறேன்' என்ற வார்த்தை வந்ததில்லை. மோர் கேட்டு வந்தவளைக்கூட, வாரேன் என்று சொல்ல வைத்துத்தான் காளியாத்தாள் அனுப்புவாள்.

அணை முடியும் தறுவாயில், கரையோர ஊர்களைக் காலி செய்ய உத்தரவு வந்தது. காளியாத்தாள் முரண்டு பிடிக்கவில்லை. மேட்டுப்பக்கம் கொடுத்த மனையைப் பார்த்துவிட்டு, காற்று நன்றாக வருகிறது என்றுகூடச் சொன்னாள். பானை சட்டியெல்லாம் வண்டியேறின. ஊரும் ஏறக்குறைய காலியாகிவிட்டது. தண்ணீர் கீழ்க்காட்டுப் பனைகளின் காலைத் தொட்டுவிட்டது. அவள் மட்டும் நிலைக்கு உட்புறம் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை.

துரை குதிரையில் வந்து நின்றார். "இஸ் ஷீ கோயிங்?" என்றார்.

கேட்க வேண்டியவர் தம்பி. அத்தனை கோயிங்குக்கும் தமிழ் தெரிந்த அவருக்கு, அந்த வாசலில் நின்று அதைத் தமிழில் கேட்க நாக்கு எழவில்லை. துரையிடம் சற்றுப் பொறுக்கச் சொல்லிவிட்டு, அக்காளின் எதிரே குந்தினார்.

"தண்ணி ஏறுதுங்க்கா. எறங்குங்க."

"என்னத்தச் சொல்லிட்டு எறங்கறது, சாமி? வாரேன்னா பொய்யி. தண்ணிக்குள்ள எங்க வாரது? இன்னொண்ணு எம்பட வாயில வராது."

ஒன்றும் சொல்லாமல் இறங்கிவிடலாமே என்று தம்பி மன்றாடினார். பேசாமல் இறங்குவது எழவு வீட்டிலிருந்துதான் என்றாள் அவள். தன்னை வளர்த்தவளை ஆட்களை விட்டுத் தூக்க வேண்டிவருமோ என்று நினைத்தபோது அவர் கண்கள் நிறைந்தன. துரைக்குத் தெரியாமல் தோள்துண்டால் துடைத்துக்கொண்டார்.

காளியாத்தாளின் கை நிலைக்காலைத் தடவிக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமைதோறும் மஞ்சள் பூசிப் பூசி அந்த மரமே மஞ்சளாகியிருந்தது. கை சட்டென்று நின்றது.

"இந்த நெலவப் பேத்தா எத்தன ஆளு தூக்கோணும்?" என்று கேட்டாள்.

பக்கத்து வீட்டு உத்திரத்தை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் கடப்பாரையோடு வந்தார்கள். பாதி நாள் போயிற்று. துரையும் மரநிழலில் குதிரையைக் கட்டிவிட்டுக் காத்திருந்தார். கதவும் நிலையும் வண்டியில் படுத்தபோது, வீட்டுக்கு வாசல் என்று ஒன்று இல்லை, சுவரில் ஓர் ஓட்டைதான் இருந்தது. காளியாத்தாள் விளக்கை எடுத்துக்கொண்டு எழுந்தாள். வண்டியிலிருந்த நிலையைப் பார்த்து, அதனிடமே சொன்னாள்.

"நீ முன்னால நட, சாமி. நான் பின்னாலயே வாரேன்."

சொல்லிவிட்டு இறங்கினாள். வீட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை. துரை மறுபடி ஏதோ கேட்டார். கோயிங் நாச்சிமுத்து, "ஷீ இஸ் கமிங், சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு, மேடு ஏறத் திணறிய வண்டிக்குத் தோள் கொடுக்கப் போய்விட்டார்.

புது மனையில் சுவர் எழும்புவதற்கு முன்பே நிலையை நட்டார்கள். சுற்றிலும் வெட்டவெளி, நடுவில் மஞ்சள் பூசிய நிலை, அதன் பக்கத்தில் மூன்று கல் அடுப்பு. மறுநாள் காலை வேலைக்குக் கிளம்பிய நாச்சிமுத்து எந்தப் பக்கமாகவும் நடந்து போயிருக்கலாம். அவரோ சுற்றிவந்து, தலையைக் குனிந்து, அந்த நிலைக்குள் நுழைந்து இறங்கினார்.

"வாரேனுங்க்கா."

"வா, சாமி" என்றாள் அடுப்படியிலிருந்து.