பீரோவின் கீழ்முனை

மார்மன் சபையின் ஊழியத்துக்கு வந்த இளைஞர்கள் இரண்டிரண்டு பேராகத்தான் இருக்க வேண்டும். ஒருவன் கண்ணை விட்டு மற்றவன் மறையக் கூடாது. அந்த விதிதான் சின்னவனின் உயிரை வாங்கிக்கொண்டிருந்தது. அவனுடைய கூட்டாளி நெட்டையன், யாராவது பாரம் தூக்குவதைப் பார்த்தால் போதும், ஓடிவிடுவான். பின்னாலேயே இவனும் ஓட வேண்டும்.

வீட்டோடு பேச வாரத்தில் ஒரு நாள்தான். சின்னவன் படித்து முடித்து, வேலைக்குப் போகாமல் ஊழியத்துக்குக் கிளம்பியதிலிருந்து அவனோடு பேசாத அப்பா, இன்று பேசுவார் என்று அம்மா சொல்லியிருந்தாள். அறைக்குத் திரும்பும் வழியில் ஒரு வாசலில் இரும்பு பீரோ நின்றது. நெட்டையனும் நின்றுவிட்டான்.

"வேணாம்டா. இன்னைக்கு ஒரு நாள் கண்ண மூடிக்கிட்டு வந்து தொலையேன்."

"மாடி வரைக்கும்தான். அந்தம்மா தனியா நிக்கிறாங்க பாரு."

பாதிப் படியில், பீரோவின் கீழ்முனை சின்னவன் கையில் இருக்கும்போது, போன் அடித்தது. அவன் பல்லைக் கடித்தான். வீட்டுக்கார அம்மாள்தான் அவன் பையிலிருந்து போனை எடுத்து முகத்துக்கு நேராகப் பிடித்தாள். திரையில் அப்பா. வியர்வையையும் பீரோவையும் வெகுநேரம் பார்த்தார்.

"வீட்டுல சிலிண்டர நகத்தச் சொன்னா துரைக்கு இடுப்பு வலிக்கும்," என்றார் பக்கத்திலிருந்த அம்மாவிடம்.

"அப்பா, வச்சிடாதீங்க. இத இறக்கிட்டுப் பேசறேன்."

"சுவத்துல இடிக்காம தூக்கு. நான் இருக்கேன்."

"யாருடா போன்ல?" என்றான் மேலிருந்து நெட்டையன்.

"வாய மூடிட்டுத் தூக்குடா," என்றான் சின்னவன்.