ஸ்தமாத்தியாவின் புது இடுப்பு

ஸ்தமாத்தியா இப்போது கோயில் மேட்டில் தடியில்லாமல் ஏறுகிறாள். பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கண் கலங்கிவிடுகிறது. அது அவளுக்கு இரண்டு முறை கிடைத்த கால்.

கிரேக்க நாட்டின் கலமாத்தா நகருக்குத் தெற்கே கடலைப் பார்த்திருக்கும் எங்கள் ஊரில், எண்ணெய் ஆலையில்தான் அவள் ஆயுள் கழிந்தது. வழுக்கும் தரையில் ஆலிவ் மூட்டை சுமந்து சுமந்தே இடது இடுப்பு தேய்ந்தது. அவள் கணவன் பாந்தெலிஸ் அதே ஆலையில் எண்ணெயை முகர்ந்து தரம் சொன்னவன். அவனுக்குப் பார்வை மங்கிப்போனது. தினமும் காலையில் அவனைக் கைபிடித்துக் காப்பிக்கடைக்கு அழைத்துப் போவது அவள்தான். அவள் படுத்தால் இருவரும் வீட்டோடு முடங்க வேண்டியதுதான்.

அதனால்தான் அறுவைக்குச் சம்மதித்தாள். பெரிய ஆஸ்பத்திரியின் பெண் டாக்டர் முதலில் அவளைப் பல் வைத்தியரிடம் அனுப்பினார்.

"வலிக்கிறது இடுப்பு. பிடுங்குறது பல்லா?" என்று முறைத்தாள் ஸ்தமாத்தியா.

"சொத்தைப் பல்லுல இருக்கிற கிருமி ரத்தத்தோட போய்ப் புது மூட்டுல ஒட்டிக்கும்மா. அப்புறம் அந்த உலோகத்தையே கழட்ட வேண்டியிருக்கும்."

பாந்தெலிஸ் சிரித்தான். "பல்லு போனா பேச்சு குறையும்னு பார்த்தேன் டாக்டர். குறையல."

கத்தி வைப்பதற்குச் சற்று முன் நரம்பில் கிருமிக்கொல்லி மருந்து ஏற்றினார்கள். எல்லாம் நல்லபடியாக முடிந்தது. வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸ் ஒன்றைத்தான் அழுத்திச் சொன்னாள்: காயத்தின் மேலுள்ள கட்டை யாரும் தொடக் கூடாது, ஈரம் தெரிந்தால் உடனே போன் செய்ய வேண்டும்.

அவர்களுடைய கும்பாரா பொலிக்ஸேனி. திருமணத்தில் இருவர் தலையிலும் மலர்க்கிரீடம் மாற்றி வைத்தவள், அவர்கள் மகளுக்கு ஞானஸ்நானத் தாய். கூடப் பிறந்தவளைவிட நெருக்கம். ஸ்தமாத்தியா படுத்த நாளிலிருந்து சூப் கொண்டுவருவதும் துணி துவைப்பதும் அவள்தான்.

ஒரு நாள் சாயங்காலம் கட்டின் ஓரத்தில் ஈரத்தைப் பார்த்தாள் ஸ்தமாத்தியா. தொடை சுட்டது. போன் செய்தால் மறுபடியும் ஆஸ்பத்திரி, மறுபடியும் கத்தி.

"பாந்தெலி, அந்தத் தகர டப்பாவை எடு. போன வருஷம் உன் இருமலுக்குக் குடுத்த மாத்திரை மிச்சம் இருக்கும்."

எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் அப்படி ஒரு டப்பா உண்டு. முழுதாகச் சாப்பிடாமல் மிச்சம் வைத்த மாத்திரைகள் அதில் கிடக்கும்.

தடவித் தடவி டப்பாவைக் கொண்டுவந்து கட்டிலருகே குனிந்த பாந்தெலிஸ் அப்படியே நின்றான். மூக்கை உறிஞ்சினான்.

"எண்ணெய் வாசனை வருதே."

"ஆலையிலயே கிடந்தவங்க மேல வேற என்ன வாசனை வரும்?"

"இது நம்ம சமையல் எண்ணெய் இல்லடி. பழசு. திரி கருகின வாசனை. கோயில் விளக்கு எண்ணெய். உன் கட்டுக்குள்ளேருந்து வருது."

வாசலில் சூப்புப் பாத்திரத்தோடு நின்ற பொலிக்ஸேனியின் முகம் வெளுத்தது. பாத்திரத்தைத் தரையில் வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்தாள்.

"நான்தான். நீ தூங்கிட்டிருந்தே. காசு வாங்காம வைத்தியம் பார்த்த புனிதர்களோட விளக்குல பஞ்சை நனைச்சு, கட்டைத் தூக்கித் தடவினேன். உனக்குச் சீக்கிரம் ஆறணும்னுதான். எண்ணெயில கிருமி இருக்கும்னு எனக்குத் தோணவே இல்லயே."

ஸ்தமாத்தியாவுக்கும் தோன்றியிருக்காது. எண்ணெயில் கைகழுவி வளர்ந்த ஊர் இது. குழந்தை விழுந்தாலும் எண்ணெய், பெரியவர் படுத்தாலும் எண்ணெய்.

"சரி விடு. மாத்திரையைக் குடு, யாருக்கும் தெரிய வேண்டாம்" என்றாள். கும்பாராவை யாரும் திட்டிவிடக் கூடாதே என்ற தவிப்பு அவளுக்கு.

பொலிக்ஸேனி எழுந்துவந்து டப்பாவைப் பிடுங்கினாள். "என்னைக் காப்பாத்தறேன்னு உன் காலைக் குடுத்துடாதே. இவனை யாருடி கைபிடிச்சுக் கூட்டிட்டுப் போவா?" அழுதுகொண்டே நர்ஸுக்கு அவளே போன் செய்தாள். செய்ததை மறைக்காமல் சொன்னாள்.

"எந்த மாத்திரையும் போடாதீங்க. உடனே கூட்டிட்டு வாங்க" என்றாள் நர்ஸ்.

டாக்டர் கோபிக்கவில்லை. ஊசியால் உள்நீரை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். "அந்த மாத்திரையைப் போட்டிருந்தீங்கன்னா கிருமி சாகாமப் பதுங்கியிருக்கும். எது உள்ள இருக்குன்னு எங்களுக்குப் பிடிபட்டிருக்காது. இப்ப அதுக்குன்னே மருந்து குடுக்க முடியும்."

மறுபடியும் காயத்தைத் திறந்து கழுவினார்கள். வெளியே நாற்காலியில் பாந்தெலிஸ். பக்கத்தில் பொலிக்ஸேனி தலை நிமிரவே இல்லை. அவன் கை காற்றில் துழாவி அவள் கையைப் பிடித்தது. "எங்க கல்யாணத்துல கிரீடத்தை மாத்தும்போதும் இப்படித்தான் உன் கை நடுங்குச்சு கும்பாரா. நாங்க ஒண்ணும் கெட்டுப்போகலையே" என்றான்.

டாக்டர் வெளியே வந்தார். "மேலோட நின்னுடுச்சு. மூட்டு வரைக்கும் போகல. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா கழட்டியிருப்போம்."

பொலிக்ஸேனி டாக்டரின் கையை முத்தமிட்டாள். நரம்பு வழியாக மருந்து, பிறகு வாரக்கணக்கில் மாத்திரை. இந்த முறை ஒன்றுகூட மிச்சம் வைக்காமல் முழுதும் விழுங்கினாள் ஸ்தமாத்தியா. தகர டப்பாவில் இப்போது பொத்தான்கள்தான் இருக்கின்றன.

ஜூலை முதல் தேதி அந்தப் புனிதர்களின் திருநாள். ஒரு கையில் தடி, மறு கையில் பாந்தெலிஸ், அவள் மேடேறினாள். நேர்த்திக்கடனாகத் தகரத்தில் செய்த கால் ஒன்றை விளக்கருகே தொங்கவிட்டாள்.

"உள்ள ஒரு உலோகம், வெளிய ஒரு உலோகம். மழையில துருப்பிடிச்சா என்னைக் கேக்காதே" என்றான் பாந்தெலிஸ்.

"உன் வாய்க்குத்தான் பூட்டு அடிக்கணும்."

பொலிக்ஸேனி தூணோரம் ஒதுங்கி நின்றாள். மார்ச்சில் அவள் பஞ்சை நனைத்த அதே விளக்கு. அதன் பக்கமே அவள் வரவில்லை. ஸ்தமாத்தியா போய் அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து வந்தாள். அவள் விரலை எண்ணெயில் தோய்த்தாள். குனிந்து தன் நெற்றியைக் காட்டினாள்.

"இங்க வை கும்பாரா. இங்க தாராளமா வைக்கலாம். டாக்டர்கிட்ட கேட்டுட்டுத்தான் வந்தேன்."

பொலிக்ஸேனியின் விரல் நெற்றியில் சிலுவை வரைந்தது. எண்ணெய் மூக்கு நுனிவரை வழிந்தது. அதை ஸ்தமாத்தியா துடைக்கவில்லை. பாந்தெலிஸின் கையைத் தன் தோளில் எடுத்து வைத்துக்கொண்டு, மேட்டிலிருந்து இறங்கத் தொடங்கினாள்.